ஷிப்ட் பார்க்கும் வலி

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். காலையில் கண் விழித்ததிலிருந்து அக்காவின் வலது கை கத்தரிக்கோலைப் பிடிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆனது. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதையாவது அளக்காமல் எனக்கு இருக்கத் தெரியாது.

ஒன்பது மணிக்கு அவள் முடிதிருத்தும் கடையைத் திறக்க வேண்டும். அதனால் ஆறரைக்கே எழுந்துவிடுவாள். ஒரு கையை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வருவாள். அடுப்பை மாமாதான் பற்றவைத்துத் தர வேண்டும். வெந்நீரைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்தி உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் ஆற ஆற நான் மாற்றுவேன். மூன்றாவது தடவை மாற்றும்போது விரல்கள் மெல்ல மடங்க ஆரம்பிக்கும். வலது மோதிர விரல் மட்டும் கடைசி வரை அடம் பிடிக்கும். அது அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமனாக வீங்கியிருந்தது. கத்தரிக்கோலின் வளையம் மாட்டுவதே அந்த விரலில்தான்.

மாமா, அக்காவின் கணவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

"காலையில உயிர் போகுதுங்கற. மத்தியானம் பாத்தா நல்லா இருக்க. அது என்ன, ஷிப்ட் பாக்குற வலியா?"

"ஆமா. மத்தியானம் வீட்டுக்கு வாங்க. உங்க முதுகுல ஒண்ணு வைக்கிற அளவுக்குக் கை நல்லா இருக்கும்."

"அதுக்கு எதுக்கு மத்தியானம் வரை காத்திருக்கணும்? உன் நாக்குக்குத்தான் ஷிப்டே கிடையாதே."

அவர் சொல்லிவிட்டு அவளுடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டார். அதுவும் தினசரி வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது.

நான்கு வருடங்களாக இப்படித்தான். கடை வாடகை ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. அதற்குள் கை சரியாகவில்லை என்றால் கடையை விட்டுவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு தலை அலசும் தொட்டி, சுவர் முழுக்கக் கண்ணாடி. அவளாகவே பதினான்கு வருடம் நின்று உருவாக்கிய கடை. சனிக்கிழமைகளில் தலை அலசிவிட நான் போவேன். பேச வேண்டியதில்லாத வேலை, அதனால் எனக்குப் பிடிக்கும்.

அக்கா மூன்று மருத்துவர்களைப் பார்த்தாகிவிட்டது. முதலாமவர், வேலை அதிகம் என்று மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்தார். இரண்டாமவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் நார்மல். "மனசுல ஏதாவது கவலை இருக்காம்மா?" என்று கேட்டார். "கை மடங்க மாட்டேங்குதேன்னு கவலை டாக்டர்" என்றாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை. மூன்றாமவர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடையில் அவள் சீப்பைக் கீழே விடும்போது யாராவது கேட்டால், "கால்சியம் கம்மியாம்" என்று சொல்லிவிட அது வசதியாக இருந்தது.

வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அக்காவின் பின்னந்தலையில், பிடரிக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து வெள்ளையாகச் செதில் உதிரும். பதினோரு வருடங்களாக அது உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் களிம்பு தடவிவிடுவேன். கொஞ்சம் அடங்கும், பிறகு வரும். அதை மறைக்கத்தான் அவள் கொண்டையைத் தாழ்வாகப் போட்டு நான்கு ஊசி குத்திவைப்பாள்.

"முடி வெட்டுறவ தலையிலேயே செதில்னா, அவ சீப்பை யாரு தலையில வைக்க விடுவா?" என்பாள். அதில் நியாயம் இருந்தது. எனக்கு வாதிடத் தெரியவில்லை.

நகங்களுக்கும் அதே கவனிப்புதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மணி நேரம் கண்ணாடியில் பார்ப்பது தங்கள் முகத்தை மட்டும் இல்லை, தலையைச் சுற்றி நகர்ந்துகொண்டிருக்கும் அவள் கைகளையும்தான். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை அடர்சிவப்பில் பூச்சு போட்டுக்கொள்வாள். விரல் வீங்கிய பிறகும் விடவில்லை. மடங்காத நாட்களில் நான் போட்டுவிட்டேன்.

நான்காவதாகப் போனது மூட்டு வாதத்துக்கென்றே படித்த மருத்துவரிடம். அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவள் அக்காவின் கடைக்கு மாதம் ஒருமுறை வருகிறவள். அவளுக்குக் கடையில் டோக்கன் என்று பெயர். நோயாளிகளை எண் சொல்லி அழைக்கும் குரல் தெருமுனை வரை கேட்கும். கடையிலும் அதே குரலில்தான் ஊர்க்கதை பேசுவாள். யாருக்குக் கல்யாணம் நின்றது, யாருக்குப் பல் கட்டியது எல்லாம் அவள் வழியாகத்தான் வரும்.

"மத்தியானம் மூணு மணிக்குப் போட்டிருக்கேன். உனக்குக் கடை காலியா இருக்கிற நேரமாச்சே," என்றாள் டோக்கன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அன்று காலையில் அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தாள். வெந்நீர் ஆயிற்று. வலி மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டாள். கைகள் மடங்கத் தொடங்கியதும் பழைய பூச்சைத் துடைத்துப் புதிதாகப் போட்டாள். இஸ்திரி போட்ட உடை. மூன்று மணிக்கு மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, எந்த வியாதியும் எட்டிப் பார்க்காத ஆள் மாதிரி இருந்தாள்.

மருத்துவர் குள்ளமான பெண்மணி. மேசைக்குப் பின்னால் உட்காராமல், நாற்காலியை இழுத்துக்கொண்டு அக்காவின் முழங்கால் இடிக்கும் தூரத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய பரிசோதனைத் தாள்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"ரத்தத்துல தெரியாத மூட்டு வாதமும் இருக்கு. அதனால இத விட்டுருவோம். காலையில எழுந்ததும் கை எப்படி இருக்கு?"

"பரவால்ல டாக்டர். ஒம்பது மணிக்கு வேலைய ஆரம்பிச்சுடுவேன்."

அவர் எழுதப் போனார். அக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்குக் காலை என்பது கடை திறக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தையது தயாராகும் நேரம். அதை யாரிடமும் சொல்ல வேண்டியதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்," என்றேன்.

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். நானும் இருப்பதை அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"என்னது?"

"எழுந்ததுல இருந்து கத்தரிக்கோல் பிடிக்கிற வரைக்கும். வெந்நீர்ல வச்சும் அவ்வளவு ஆகுது."

"இது யாரு?"

"தங்கச்சி டாக்டர்," என்றாள் அக்கா. "இவ வாயைத் திறந்ததே பெரிய விஷயம். குறிச்சு வச்சுக்குங்க."

"குறிச்சுக்கிட்டேன்." அவர் பேனாவை மூடி வைத்தார். "குதிகால் வலிக்குமா?"

"அது நின்னு நின்னு வர்றது டாக்டர். அது வேற."

"எது வேற, எது ஒண்ணுன்னு நான் சொல்றேன். நீங்க எல்லாத்தையும் கொட்டுங்க. தோல்ல ஏதாவது பிரச்சினை உண்டா? எங்கயாவது சிவந்து செதில் செதிலா?"

கதவு திறந்திருந்தது. வெளியே டோக்கன் பதினேழாம் எண்ணை அழைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டர்."

நான் தரையைப் பார்த்தேன். நேரத்தைச் சொல்லிவிட்டேன், அது வெறும் அளவு. இது அவளுடையது. இதை நான் எடுத்து வைக்க முடியாது. அதோடு, தலையில் உதிரும் செதிலுக்கும் மடங்காத விரலுக்கும் உறவு இருக்கும் என்று எனக்கும் தோன்றியதில்லை. மருத்துவர் கேட்ட விதத்தில்தான் முதல்முறையாகத் தோன்றியது.

அவர் அக்காவின் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை. பிறகு அவர் நகங்களைப் பார்த்தார்.

"இது எப்போ போட்டது?"

"இன்னைக்குக் காலையில. உங்களைப் பாக்க வரணுமேன்னு."

மருத்துவர் சிரித்துவிட்டார். "நான் எதைப் பாக்கணுமோ அதையெல்லாம் துடைச்சு மூடிட்டு வந்திருக்கீங்க. இன்னைக்குக் கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டுப் போங்க. நாளன்னைக்கு காலையில ஏழரைக்கு வாங்க. மாத்திரை வேண்டாம். வெந்நீர் வேண்டாம். நகப்பூச்சு வேண்டாம். எழுந்த மாதிரியே வாங்க."

தெருவில் இறங்கியதும் அக்கா கேட்டாள்: "எழுந்த மாதிரியேன்னா? தலை சீவக் கூடாதா?"

"அத அவங்க சொல்லல."

"பல்லு?"

"அக்கா."

"கேட்டு வச்சுக்கறேன்டி. நீ பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்னு போட்டுக் குடுத்துட்ட. இன்னும் என்னென்ன சொல்வியோ."

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன். அவள் எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி லேசாகத்தான் இருந்தது. அதற்கு மேல் அவளால் முடியாது.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குச் சிலர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். குழாயை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கால் மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டு, கொதிநீரில் அலசிய குப்பியில் பிடித்திருப்பார்கள். நம் வீட்டுத் தண்ணீர் அழுக்கு என்று வந்துவிட்டால் வெட்கமாயிற்றே. சோதனையில் ஒன்றும் இருக்காது. வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு மட்டும் நிற்காது. அக்கா நான்கு வருடங்களாக அந்த மாதிரிக் குப்பியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது புரிந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிய பிறகு பூச்சைத் துடைத்தேன். பஞ்சை நனைத்து ஒவ்வொரு நகமாக. எப்போதும் துடைத்த கையோடு அடுத்த பூச்சு ஏறிவிடும். சும்மா விட்டு நான் பார்த்ததில்லை. இப்போது விளக்கடியில் பார்த்தேன். நகங்களின் மேல் ஊசி முனையால் குத்தினதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். தையல் வேலைக்காரர்கள் விரலில் மாட்டும் உலோகத் தொப்பியின் மேல் இருக்குமே, அதைப்போல. வீங்கிய விரலின் நகம் மஞ்சளடித்து, ஓரத்தில் சதையை விட்டுத் தூக்கியிருந்தது.

"பூச்சு போட்டுப் போட்டு இப்படி ஆயிடுச்சு," என்றாள்.

"என்னோடதுலயும் போடறேன். எனக்கு இல்லையே."

அவள் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை, குழந்தைகளை ஏற்றப் போவதற்கு முன்னால் மாமா எங்களைக் காலிப் பேருந்தில் கொண்டுபோய் விட்டார். இரண்டாவது வரிசையில், குழந்தைகளுக்கான குறுகலான இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அக்கா கைகளைச் சால்வைக்குள் வைத்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்த மாமா, "ரெண்டு பேரும் வீட்டுப் பாடம் முடிச்சாச்சா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. மாத்திரை இல்லாத காலை. வண்டி குலுங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள்.

மருத்துவமனையில் எங்களைத் தவிர டோக்கன் மட்டும் இருந்தாள். நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள் அக்காவைப் பார்த்து, "என்னாச்சு உனக்கு? ஆளே மாறிட்ட?" என்றாள். கூடத்தில் எதிரொலித்தது.

மருத்துவர் அக்காவிடம் கைகளை மூடச் சொன்னார். விரல்கள் பாதி வழியில் நின்றன. ஒரு பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அது மடியில் விழுந்து தரையில் உருண்டது. அக்காவின் கண்கள் கலங்கின. வலியால் மட்டும் இல்லை. பதினான்கு வருடம் கையால் பிழைத்தவள் அடுத்தவர் முன்னால் பேனாவைக் கீழே போட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இதைத்தான் பாக்கணும்னு வரச் சொன்னேன்," என்றார் மருத்துவர். "நல்லா போட்டீங்க."

பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நகங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மேசை விளக்கை இழுத்து மறுபடியும் பார்த்தார்.

"நான் போன தடவை ஒண்ணு கேட்டேன். மறுபடி கேக்கறேன். தலையில, காதுக்குப் பின்னாடி, முழங்கையில. எங்கயாவது செதில் உதிருதா?"

கதவு திறந்திருந்தது. வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம் நின்றுபோயிருந்தது.

 அக்கா இந்தத் தடவை இல்லை என்று சொல்லவில்லை. நான் எழுந்தேன். அடுத்தவர் அறையில் கேட்காமல் எழுந்து நடப்பது எனக்குப் பெரிய காரியம். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அக்கா கைகளைத் தூக்கிக் கொண்டைக்குக் கொண்டுபோனாள். விரல்கள் ஊசியைத் தொட்டன. பிடிக்க முடியவில்லை. மறுபடி முயன்றாள். அந்த நேரத்தில் அவளால் ஒரு கொண்டை ஊசியைக்கூட எடுக்க முடியாது. அந்தக் காலையில் அதைக் குத்திவிட்டதே நான்தான். நான் அசையாமல் நின்றேன். அவள் ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு தலையை என் பக்கமாகக் குனிந்தாள்.

நான்கு ஊசிகளையும் எடுத்தேன். கொண்டை அவிழ்ந்தது. முடியைப் பிரித்துக் காட்டினேன்.

மருத்துவர் விளக்கைத் திருப்பினார். "எத்தனை வருஷமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். "பதினொண்ணு," என்றேன்.

அப்போது கதவு திறந்தது. கையில் ஒரு கோப்போடு டோக்கன். "டாக்டர், அந்த எக்ஸ்ரே..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். விளக்கு வெளிச்சம் முழுக்க அக்காவின் பிடரியில் இருந்தது.

மருத்துவர் கோப்பை வாங்கிப் பார்த்துக்கொண்டே, "வெளிய இரு," என்றார். கதவு மூடியது. அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

மருத்துவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார். "இது சொரியாசிஸ். தலையில இருக்கிறது, நகத்துல இருக்கிறது, விரல் வீக்கம், குதிகால் வலி. நாலும் நாலு வியாதி இல்ல, ஒண்ணுதான். சொரியாசிஸ்ல வர்ற மூட்டு வாதம். ரத்தத்துல பெரும்பாலும் தெரியாது. பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். உங்களை மாதிரி ஆள்கிட்ட அது கொஞ்சம் கஷ்டம்."

"சரியாகுமா டாக்டர்? கத்தரிக்கோல்..."

"எலும்பு இன்னும் கெட்டுப்போகல, எக்ஸ்ரேல பாத்தேன். மருந்து இருக்கு. வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுற மாத்திரை. ரத்தம் பாத்துப் பாத்துக் குடுப்பேன். ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருக்கணும். இருந்தா வெட்டலாம்."

அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் நடிக்கல," என்றாள்.

"நடிச்சீங்க. வலி இருக்கிற மாதிரி இல்ல, இல்லாத மாதிரி. நாலு வருஷமா நல்லா நடிச்சிருக்கீங்க."

அக்கா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கொண்டை ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து மாமாவுக்குப் போன் போட்டாள். பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம்.

"உங்க ஷிப்ட் வலிக்குப் பேரு இருக்காம். தலையில இருக்கிறதும் அதுதானாம்."

"பேரு வச்சாச்சா? அப்ப பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வெளிய போன்னு சொல்லிடலாம்."

அவள் சிரித்தாள். ஆனால் வரவேற்பு மேசையைத் தாண்டும்போது டோக்கனை நிமிர்ந்து பார்க்கவில்லை. டோக்கனும் எண் எதையும் அழைக்கவில்லை. வாசலில் அக்கா என் காதருகே சொன்னாள்: "முடிஞ்சது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்க டோக்கன் குடுத்துடுவா."

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கையிலும் இல்லை, தெருவிலும் இல்லை. மாத்திரை போட்ட மறுநாள் அக்காவுக்குக் குமட்டும். வெந்நீர் இரண்டு மணி நேரமாகவே இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் முகத்தை அவள் துருவித் துருவிப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. டோக்கன் அந்த மாதம் முடி வெட்ட வரவில்லை. "வெளிய சொல்லிட்டா, அதான் மூஞ்சி காட்ட முடியல," என்றாள் அக்கா. நான் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். மருத்துவர் மாற்றிக் கொடுத்த களிம்பு. தோலின் சிவப்பு நன்றாகவே அடங்கிக்கொண்டு வந்தது.

ஏழாவது வாரம் வெந்நீரை ஒரே தடவைதான் மாற்றினேன். ஒரு மணி நேரம் இருபது நிமிடம். பிறகு ஐம்பது நிமிடம். பிறகு அரை மணி. வீங்கிய விரலில் கணுக்கள் எங்கே இருந்தன என்று மெல்லத் தெரிய ஆரம்பித்தது. நான் தினமும் அளந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். அறிவியல் படித்தவள் இப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் நானும் மாமாவும் ஒரே நேரத்தில் சமையலறைக்குப் போனோம். அவர் அடுப்பைப் பற்றவைக்கக் கையை நீட்டினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டீ கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கடைசிப் பொத்தான் மட்டும் ஒரு துளை தள்ளி இருந்தது.

"யாரு பத்த வச்சது?" என்றார் மாமா.

"காலை ஷிப்ட் ஆள் லீவு," என்றாள் அக்கா.

மாமா அந்தக் கடைசிப் பொத்தானைச் சரிசெய்யப் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். சத்தம் கேட்கிற மாதிரி, நன்றாகவே தட்டினாள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வெளியே போய் வண்டியைத் துடைக்கிறேன் என்று நெடுநேரம் நின்றார்.

வாடகை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தாள். கையெழுத்து போட்டுவிட்டு, பேனாவை விரல்களுக்கிடையில் ஒரு சுற்று சுற்றிக் கொடுத்தாளாம். கட்டடத்தின் சொந்தக்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்தாராம்.

நகப்பூச்சு மட்டும் திரும்பப் போடவில்லை. மருத்துவர் ஒவ்வொரு தடவையும் நகத்தைப் பார்க்க வேண்டும். கேட்டவர்களுக்கு, "கால்சியம் சாப்பிடறேன்ல, நகத்துக்கு ஓய்வு குடுக்கச் சொன்னாங்க," என்றாள். கொண்டை அதே தாழ்வில்தான் இருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. இரண்டு நாற்காலியிலும் ஆள். சுவரோரப் பலகையில் மூன்று பேர். அக்கா முடி வெட்டிக்கொண்டிருந்தது வங்கியில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு. அவரை எல்லோரும் பேங்க் அக்கா என்பார்கள். கத்தரிக்கோல் நிறுத்தாமல் ஓடியது. நான்கு வருடங்களுக்கு முன்பு இருந்த அதே வேகம்.

கதவு திறந்தது. டோக்கன்.

அக்காவின் கத்தரிக்கோல் ஒரு தடவை நின்று மறுபடி ஓடியது. "வா. ரொம்ப நாளாச்சு," என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"லீவு கிடைக்கல," என்றாள் டோக்கன். வழக்கமான குரலில் பாதிதான் இருந்தது. நேராகத் தொட்டிக்கு வந்து தலையைச் சாய்த்தாள். நான் தண்ணீரைத் திறந்தேன். அவள் தலைகீழாக என்னைப் பார்த்தாள். பிறகு உதடுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வாயில் தண்ணீர் வைத்திருக்கிறவள் மாதிரி. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு வெளியே வந்துவிடும் என்று பயந்துதான் கடைப்பக்கம் வராமல் இருந்திருக்கிறாள்.

"உன் கை நல்லா ஆயிடுச்சே," என்றார் பேங்க் அக்கா. "முன்னெல்லாம் சீப்பு பத்து தடவை விழும். நான் குனிஞ்சு குனிஞ்சு எடுத்துக் குடுப்பேன்."

"அதுக்காகத்தான் உங்களுக்கு மட்டும் தள்ளுபடி குடுத்தேன்."

பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேங்க் அக்கா சிரிக்கவில்லை. "என் தங்கச்சி பொண்ணுக்கும் இதே கதைதான். கால் விரல் ஒண்ணு வீங்கி செருப்பு போட முடியல. காலையில சுவத்தைப் பிடிச்சுட்டு நடக்குறா. ரத்தமெல்லாம் பாத்தாச்சு, நார்மலாம். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்னு அவங்க அப்பா திட்டுறார். பாவமா இருக்கு. உனக்குக் குடுத்த அந்தக் கால்சியம் பேரு சொல்லேன். வாங்கிக் குடுத்துப் பாக்கறேன்."

கத்தரிக்கோல் நின்றது.

"நான் போன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க அக்கா," என்றாள் அக்கா.

"டாக்டருங்க எல்லாம் போதும்டா சாமி. அவங்க அப்பா இனிமே ஒரு இடத்துக்கும் அனுப்ப மாட்டார். நீ பேரைச் சொல்லு, உனக்குக் கேட்டது அவளுக்கும் கேக்கும்."

"அந்தப் பொண்ணுக்குத் தோல்ல ஏதாவது இருக்கா? தலையில? நகத்துல?"

"தோலுக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவளின் தலையில், உதவிக்கு வரும் பெண் முடி உலர்த்தியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியில் என்னைத் தேடினாள். பார்த்தாள்.  என் கைக்குள் நுரையோடு இருந்த தலை அசைந்தது.

"சொல்லிடு," என்றாள் டோக்கன். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அக்கா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். எட்டி, முடி உலர்த்தியின் பொத்தானை அணைத்தாள். கடை அமைதியானது. பிறகு வலது கையைப் பின்னால் கொண்டுபோய், நான்கு ஊசிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உருவினாள். ஒன்றுகூடத் தவறவில்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"கால்சியம் இல்ல அக்கா," என்றாள். "எனக்கு சொரியாசிஸ். பதினோரு வருஷமா தலையில இருக்கு. கையில வந்ததும் அதேதான்."